பெண்கள் காதுக்கு ஆகாத பகுதி

வெஸ்ட் ஹார்லோ, மாசசூசெட்ஸ்
செப்டம்பர் 3, 1839

அன்புள்ள சகோதரி கெசியா,

மனுவுக்குக் கையெழுத்து வாங்க ஊரைச் சுற்றிவிட்டு இப்போதுதான் வீடு வந்தேன். சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் பிசுபிசுப்பு போன மாதிரி இல்லை. நெசவாலை வாசலில் ஒரு மேஸ்திரி நின்றிருந்தார். தலைநகரில் மனிதரை விற்பதை நிறுத்தச் சொல்லிப் பெண்கள் எழுதும் மனு இது என்று தாளை நீட்டினேன். மரியாதையாகத்தான் வாங்கினார். படிக்கிறார் என்று நினைத்தேன். அதில் மூக்கைச் சிந்தி, நாலாக மடித்து, என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"வாஷிங்டனுக்கு அனுப்பும்மா. என் கையெழுத்து உள்ள இருக்கு" என்றார்.

அடுத்த தெருவில் ஒரு பெண் வாசலில் வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தாள். கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டாள். அழகான எழுத்து. மை காய்வதற்குள் அவள் புருஷன் உள்ளேயிருந்து வந்து பேனாக்கத்தியால் அந்தப் பெயரைச் சுரண்டினான். "இந்த வீட்டுக்கு ஒரு பேர்தான். அது என் பேர்" என்றான். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. திரும்பப் போய்க் கடைய உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டிலும் இதே பாட்டுதான். ஓரின் ஆலையில் கணக்கெழுதுகிறவர் என்பது உனக்குத் தெரியும். "நீ போய்க் கதவு தட்டுற வீடெல்லாம் என் முதலாளி கட்டி வாடகைக்கு விட்ட வீடு ஹல்டா. கொஞ்சம் யோசிச்சுத் தட்டு" என்கிறார். அந்த முதலாளியின் மனைவி திருமதி லத்ராப்தான் எங்கள் பெண்கள் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவி. அடிமைகள் பறித்த பஞ்சில் நூல் நூற்று வீடு கட்டியவள். சங்கக் கூட்டத்தில் ஜெபம் செய்யும்போது அவள் பட்டுக் கைக்குட்டையால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தால் அதைப் பிடுங்கி எறியலாம் போலிருக்கிறது. ஆனால் அவள் இல்லையென்றால் எங்களுக்குக் கூடுமிடம் இல்லை.

இருந்தாலும் ஒரு நல்ல செய்தி உண்டு. அக்டோபரில் சங்கத்துக்குப் பணம் திரட்ட எங்கள் விற்பனை விழா. சபையின் பெரிய அறையைக் கொடுக்கப் போதகர் பிங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆண்களும் வருவார்கள். ஒரு பெண் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இந்த ஊரில் இதுவரை ஒரு பெண்ணின் குரலை ஆண்கள் உட்கார்ந்து கேட்டதில்லை. நியூயார்க் மாநாட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நீ எழுந்து பேசினாயே, நான் பெஞ்சு நுனிக்கே வந்துவிட்டது நினைவிருக்கிறதா? நீதான் வந்து பேச வேண்டும்.

உன் சகோதரி,
ஹல்டா வெய்ட்


பிலடெல்பியா
செப்டம்பர் 12, 1839

அன்புள்ள ஹல்டா,

மூக்கு சிந்திய தாளை எறிந்துவிட்டாயா? எறியாதே, அனுப்பு. வாஷிங்டனில் நம் மனுக்களைப் பிரிக்காமலே ஓரம் தள்ளுகிறார்கள். ஒரு தடவையாவது பிரித்துப் பார்க்கிறவன் கையில் ஏதாவது ஒட்டட்டும்.

வருகிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஒரு வாரம் வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான். மாநாட்டில் நான் பேசியது வெறும் தொகைகள்: இத்தனை மாநிலங்கள், இத்தனை இலட்சம் அடிமைகள். ஜனங்கள் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். இம்முறை அம்மாவின் கதையை எழுதியிருக்கிறேன். இத்துடன் வைத்திருக்கிறேன். முதலில் நீ படி.

அம்மாவை உனக்குத் தெரியாது. டைனா என்றால் இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நிலவறையில் சிப்பிக் கடை வைத்திருக்கிறாள். துறைமுகத்து ஆட்கள் அவள் சூப்புக்கு வரிசையில் நிற்பார்கள். நான் சுதந்திரமாகப் பிறந்தவள், அவள் அப்படி இல்லை. மேரிலாந்தில் ஒரு பண்ணையிலிருந்து ஓடி வந்தவள். எத்தனை வருடம் ஆனாலும் ஆண்டை ஆள் அனுப்பி அவளைப் பிடித்துக்கொண்டு போகச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால் அவன் பெயரையும் பண்ணையின் பெயரையும் நான் எழுதவில்லை.

எனக்கு முன்னால் அவளுக்கு ஒரு பெண் பிறந்தாள். லெட்டி. அந்தக் குழந்தைக்கு அப்பன் அந்த ஆண்டைதான். அம்மாவை யாரும் கேட்கவில்லை. குழந்தை வளர வளர அவன் மூக்கு, அவன் நெற்றி. சாப்பாட்டு மேஜையருகே அது நடமாடுவதை அவன் மனைவியால் பொறுக்க முடியவில்லை. ஜார்ஜியாவுக்கு ஆள் பிடித்துப் போகும் வியாபாரியிடம், தான் பெற்ற பிள்ளையை அவனே விற்றான். அழுததற்காக அம்மாவைச் சவுக்கால் அடித்தார்கள். இதுதான் கதை. கடைசியில் உன் ஊருக்காகவும் இரண்டு வரி எழுதியிருக்கிறேன். லெட்டி உயிரோடு இருந்தால் பஞ்சு பறித்துக்கொண்டிருப்பாள், உங்கள் ஆலையில் நூற்பதில் அவள் பறித்ததும் இருக்கலாம் என்று. திருமதி லத்ராப் என்ன செய்கிறாள் பார்ப்போம்.

அம்மா இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், சிப்பி ஓட்டைக் கழுவிக்கொண்டே. நேற்று, அடுத்த மாதம் நான் எங்கே போகிறேன் என்று கேட்டாள். "கூட்டத்துல பேசப் போறேன்மா" என்றேன். "வெள்ளைக்காரங்க கூட்டமா? கனமான சால்வை எடுத்துட்டுப் போ. உள்ள விட மாட்டாங்க, வெளியில நிக்க வேண்டியிருக்கும்" என்றாள்.

அன்புடன்,
கெசியா ப்ரூம்


வெஸ்ட் ஹார்லோ
செப்டம்பர் 24, 1839

அன்புள்ள சகோதரி கெசியா,

உன் எழுத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. ஓரின் கூட "என்ன, யாரும் செத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

ஒரு விஷயம். கோபப்படாமல் கடைசிவரை படி.

போதகர் பிங்கம் எங்கள் விழாக் கமிட்டிக்கு வந்தார். கறுப்புப் பெண் ஒருத்தி பேசப் போகிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிரசங்க மேடைப் பக்கமே நீ வரக் கூடாதாம். கூட்டம் கேட்கலாம், ஆனால் மாடியில், உங்கள் ஜனங்கள் உட்காரும் இடத்தில். நான் சண்டை போட்டேன் கெசியா. நிஜமாகவே சண்டை போட்டேன். அப்படியென்றால் யார் பேசுவது என்று கேட்டேன். அவர் மோவாயைத் தடவிக்கொண்டு, "திருமதி வெய்ட் வேணா வாசிக்கட்டும். வாசிக்கிறது வேற, பேசுறது வேற. பொம்பளை ஒரு தாளைப் பார்த்து வாசிச்சா அது பேச்சுக் கணக்குல வராது" என்றார். இப்படி ஒரு நியாயத்தை எந்தக் கல்லூரியில் கற்றாரோ. அவர் ஈர உதட்டைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

ஒப்புக்கொள்ளாவிட்டால் கூட்டமே இல்லை என்று திருமதி லத்ராப் சொன்னாள். நான் ஒப்புக்கொண்டேன்.

யோசித்துப் பார். எப்படியானாலும் ஆண்கள் உட்கார்ந்திருக்க ஒரு பெண்ணின் குரல் அந்த அறையில் கேட்கப் போகிறது. சொல் உன்னுடையது, வாய் மட்டும்தான் என்னுடையது. இன்றைக்கு ஒரு கதவு திறந்தால் நாளைக்கு இன்னொன்று திறக்கும். நீ மேலே இருந்தாலும் என் கண் உன்மேல்தான் இருக்கும். தயவுசெய்து வா.

உன்
ஹல்டா


பிலடெல்பியா
அக்டோபர் 1, 1839

ஹல்டா,

கோபப்படாமல் படித்தேன். பழக்கம்தான்.

பிறந்த நாளிலிருந்து திறந்துகொண்டே இருக்கும் கதவுகளைப் பார்த்திருக்கிறேன். திறப்பவர்கள் முதலில் உள்ளே போவார்கள். பின்னால் வருகிறவர்களுக்காக யாரும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

ஆனாலும் வருகிறேன். உனக்காக இல்லை. என் அம்மாவுக்கு நடந்ததைக் கேட்கும்போது அந்த முகங்கள் எப்படி மாறுகின்றன என்று பார்க்க வேண்டும். மாடியிலிருந்து முகங்கள் நன்றாகத் தெரியும்.

கெசியா


பிலடெல்பியா
அக்டோபர் 21, 1839

திருமதி வெய்ட் அவர்களுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். உங்கள் ஊர்க் கோச்சு வண்டியில் உள்ளே இடம் காலியாக இருந்தும் வண்டிக்காரன் பக்கத்தில் மழையில் உட்கார வைத்தார்கள். அம்மா சொன்ன சால்வை உதவியது.

நான் அன்று சொல்லாமல் கிளம்பியதற்கு விளக்கம் கேட்டிருந்தீர்கள். தெரியாதது போலக் கேட்பதுதான் ஆச்சரியம். சொல்கிறேன்.

மாடியில் என்னோடு லத்ராப் வீட்டுச் சமையல்காரி துரூசில்லாவும், லாயத்தில் வேலை செய்யும் ஒரு கிழவரும் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் எழுந்து மேஜைப் பக்கத்தில் நின்றீர்கள். நன்றாகவே வாசித்தீர்கள். பண்ணை, குடிசை, சோளக் கஞ்சி எல்லாம் வந்தன. பிறகு, "டைனாவும் அவள் கணவனும் தங்கள் சிறு மகளோடு" என்று வாசித்தீர்கள்.

துரூசில்லா என் பக்கம் திரும்பி, "உங்கம்மாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்துச்சா?" என்று கேட்டாள்.

நான் எழுதாத கணவன் அவன். என் அம்மாவுக்கு உங்கள் கமிட்டி ஒரு மாப்பிள்ளை பார்த்துக் கட்டி வைத்துவிட்டது. ஆண்டை என் தாயின் குடிசைக்கு வந்தது போய்விட்டது. குழந்தையின் மூக்கு போய்விட்டது. அவன் மனைவி போய்விட்டாள். எதற்காக லெட்டியை விற்றார்கள் என்பதே இல்லாமல் லெட்டி விற்கப்பட்டாள். உங்கள் ஆலையைப் பற்றிய வரியும் காணவில்லை. அதை நான் எதிர்பார்த்ததுதான்.

சவுக்கை மட்டும் விட்டு வைத்தீர்கள். அதற்கு எல்லோரும் அழுதார்கள். மேலே இருந்து பார்த்தேன், வரிசை வரிசையாகக் கைக்குட்டைகள். கறுப்புப் பெண்ணின் முதுகு கிழிவதைக் கேட்டு அழலாம், அது கண்ணியமான அழுகை. அந்த உடம்பை எவன் என்ன செய்தான் என்பது மட்டும் காதுக்கு ஆகாது. செய்தவன் கண்ணியத்தைக் காப்பாற்றியது யார்? பெண்களுக்காகவே சங்கம் வைத்திருக்கும் பெண்கள்.

பிறகு தேநீர். எனக்குச் சமையலறையில் கொடுத்தார்கள். திருமதி லத்ராப் அங்கேயே வந்து என் தோளைத் தொட்டு, "எவ்வளவு உருக்கமா எழுதியிருக்கியேம்மா. யாரு கத்துக் குடுத்தா உனக்கு?" என்றாள். கையில் கேக் தட்டு. நல்ல வெள்ளைச் சர்க்கரை தூவியிருந்தது. அடிமை ஒழிப்பு விழாவில், கரும்புத் தோட்டத்து அடிமைகள் காய்ச்சிய சர்க்கரை. நான் தொடவில்லை. அவள் அதற்கும் வருத்தப்பட்டாள்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள். கன்னம் சிவந்து, கண் பளபளத்து, கல்யாணப் பெண் மாதிரி. என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கேட்டது நினைவிருக்கிறதா?

"நல்லா வாசிச்சேனா?" என்று கேட்டீர்கள்.

சால்வையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கெசியா ப்ரூம்


வெஸ்ட் ஹார்லோ
அக்டோபர் 30, 1839

கெசியா,

என்னை நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். செவிட்டில் அறைந்திருக்கலாம்.

வெட்டியது நான் இல்லை. கமிட்டி வெட்டியது. கல்யாணமாகாத பெண்கள் வந்து உட்கார்வார்கள், அவர்கள் முன்னால் இந்த மாதிரி விஷயங்களை எப்படிச் சொல்வது என்று திருமதி லத்ராப் கேட்டாள். இல்லாத கணவனை எழுதிச் சேர்த்தது போதகர். எனக்கே விழா அன்று காலையில்தான் தாளைக் காட்டினார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து போயிருந்தால் அந்த அறை இன்னும் இருபது வருடத்துக்கு நமக்குக் கிடைக்காது. அன்று மட்டும் எண்பது பேர் புதிதாக மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அது உனக்கு ஒன்றும் இல்லையா?

என் நிலைமையையும் பார். நான் தைத்த உடுப்புக்கூடச் சட்டப்படி ஓரினுடையது. வரும் தபாலை அவர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் எனக்குக் கொடுக்கிறார், உன் கடிதம் உட்பட. எனக்குப் பிள்ளை இருந்திருந்தால் அதுவும் அவருடையதுதான். யோசித்துப் பார்த்தால் நானும் ஒரு வகையில் அடிமைதானே.

ஹல்டா


பிலடெல்பியா
நவம்பர் 6, 1839

திருமதி வெய்ட் அவர்களுக்கு,

உங்கள் கடைசி வரியை எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வாருங்கள். அம்மா முன்னால் நின்று அதைச் சொல்லுங்கள். அதைச் செய்யத் துணிவு வரும்வரை எனக்கு எழுத வேண்டாம்.

கெ. ப்ரூம்


வெஸ்ட் ஹார்லோ
ஜனவரி 19, 1840

கெசியா,

எழுத வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன். பதில் வேண்டாம். நடந்தது உனக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் அது உன் அம்மாவைப் பற்றியது.

சபை என்மேல் விசாரணை வைத்தது. ஆண்களும் பெண்களும் கலந்திருந்த கூட்டத்தில் பேசினேன் என்பது குற்றம். ஆம், அந்த வாசிப்புதான். அத்தனையும் வெட்டிக் கொடுத்து, அவர்கள் சொன்ன இடத்தில் நின்று, அவர்கள் எழுதிய பொய்யை வாசித்தேனே, அதற்குத்தான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஊரையே உட்கார வைத்தார்கள். சபையை நடத்தும் மூப்பர்கள் ஒரு பக்கம். ஓரின் முதல் பெஞ்சில், முழங்காலில் தொப்பியை வைத்துக்கொண்டு.

"வாசிச்சா பேச்சுக் கணக்குல வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க போதகரே?" என்று கேட்டேன்.

"வாசிக்கத்தான் சொன்னேன். நீங்க நடுநடுவுல நிமிர்ந்து ஜனங்களைப் பார்த்தீங்க. பார்த்துட்டா அது பேச்சு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. மூப்பர்கள் தலையாட்டினார்கள். கெசியா, அப்போதுதான் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இவர்களோடு பேரம் பேசுவதற்காக உன்னை மாடி ஏற்றினேன். எதை விற்று எதை வாங்கினேன் என்று பார்த்தால் கையில் ஒன்றும் இல்லை.

தவறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விட்டுவிடுகிறோம் என்றார்கள். ஓரின் என்னைப் பார்த்து வாயசைத்தார், சொல்லிடு, சொல்லிடு என்று.

நான் எழுந்து, "தப்புதான்" என்றேன். எல்லோரும் மூச்சு விட்டார்கள். "நான் வாசிச்சது பொய். டைனாவுக்குக் கணவன் இல்லை" என்றேன். பிறகு நீ எழுதியதை அப்படியே சொன்னேன். தாள் என்னிடம் இல்லை, ஆனால் அது எனக்கு மனப்பாடம். ஆண்டை குடிசைக்கு வந்தது, பிள்ளையின் மூக்கு, விற்றது, எல்லாம். நம் ஆலைப் பஞ்சு லெட்டி பறித்ததாக இருக்கலாம் என்றேன். திருமதி லத்ராப் தன் மகளின் காதைப் பொத்தினாள். அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. திரு லத்ராப் எழுந்து போனார். "உக்காருடி" என்று யாரோ கத்தினார்கள்.

அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராததைத்தான் உனக்கு எழுத வேண்டும். பின் வரிசை ஆண்களில் சிலர் முகத்தில் கோபம் இல்லை, அதிர்ச்சியும் இல்லை. ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு, கண் மினுங்க, கேட்டுக்கொண்டிருந்தார்கள். ருசித்தார்கள். மூப்பர் ஒருவர் உதட்டை நக்கிக்கொண்டார். நான் நடுவில் நிறுத்திவிட்டேன். உன் அம்மாவை மறுபடியும் ஒரு தடவை அவர்கள் முன்னால் நிறுத்திவிட்டேனோ என்று தோன்றியது. பொய் சொன்னாலும் அசிங்கம், உண்மையைச் சொன்னாலும் இந்த வாய்கள் அதை அசிங்கமாக்கிவிடுகின்றன. வாந்தி வந்தது. வெளியே போய்ப் பனியில் எடுத்தேன்.

சபையிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். சங்கத்திலிருந்தும். வீட்டுக்கு வந்ததும் ஓரின், "நாளைக்கு எனக்கு வேலை இருக்குமான்னு தெரியல. உனக்கு அந்தக் கறுப்பி என்ன உறவு?" என்று கேட்டார். ஒரு காலத்தில் டக்கென்று சகோதரி என்று சொல்லியிருப்பேன்.

துரூசில்லா மாடியிலிருந்து எல்லாம் கேட்டிருந்தாள். படியிறங்கி வந்தவளிடம் ஏதோ சொல்லப் போனேன். "அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றாள். அவ்வளவுதான். ஆனால் இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பவள் அவள்தான்.

நவம்பரில் நான் எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதை உன் அம்மா முன்னால் நின்று என்னால் சொல்ல முடியாது.

ஹல்டா


பிலடெல்பியா
பிப்ரவரி 16, 1840

ஹல்டா,

இதைத் துரூசில்லா பெயருக்கு அனுப்புகிறேன், உன் வீட்டில் வேறு கை பிரிக்காமல் இருக்க.

உன் கடிதம் வந்தபோது கடையில் இருந்தேன். படிக்கும்போது என் முகம் எப்படிப் போனதோ, அம்மா சிப்பி உடைக்கும் கத்தியை வைத்துவிட்டு, "வாசி" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். "என் பேர் வருதுல்ல? நீ உதட்டை அசைச்சுப் படிக்கிற, எனக்குத் தெரியும். வாசி" என்றாள்.

முழுவதும் வாசித்தேன். மேஸ்திரி மாதிரி கைகட்டிக்கொண்டு கேட்டாள். உன்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். என் பக்கம் திரும்பினாள்.

"யாரைக் கேட்டு எழுதுன?"

"அம்மா, அவங்க அதை வெட்டி..."

"அவங்க வெட்டுனது இருக்கட்டும். அவ ஊரைக் கூட்டிச் சொன்னது இருக்கட்டும். அதுக்கெல்லாம் முன்னாடி நீ என்ன பண்ண? எங்கிட்டக் கேட்டியா? கூட்டத்துல பேசப் போறேன்னு சொன்ன. என்னத்தைப் பேசப் போறேன்னு சொன்னியா?"

உனக்கு நான் எழுதிய கடிதங்களில் எத்தனை நியாயம் பேசியிருக்கிறேன். ஒன்றுகூட அப்போது வாயில் வரவில்லை.

ஒரு வாரம் சூப்புக் கிண்ணத்தை மேஜையில் வைப்பாள், போய்விடுவாள். பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கே வந்தாள். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். "வியாழக்கிழமை உங்க அடிமை ஒழிப்புச் சங்கக் கூட்டம்தானே? வெள்ளைக்காரப் பொம்பளைங்களும் வருவாங்கதானே? நான் பேசுறேன்" என்றாள்.

எங்கள் சபை அறையில்தான் கூட்டம். ஆண்களும் வந்திருந்தார்கள், பத்திரிகைக்காரன் ஒருவனும். அம்மா அடுப்படி ஏப்ரனைக் கழற்றவில்லை. மேடைக்குப் போகவில்லை. தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சவுக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குடிசையைப் பற்றியும் இல்லை. லெட்டியைப் பற்றிச் சொன்னாள். கோழிக்குஞ்சைக் கண்டால் பயப்படுவாளாம். வெல்லப் பாகை விரலில் தொட்டுச் சுவரில் கோடு போடுவாளாம். எனக்கே தெரியாத விஷயங்கள். ஒரு பெண்மணி கைக்குட்டையை எடுத்தாள். அம்மா நிறுத்தி, "அதை உள்ள வைங்கம்மா. அழுறதுக்குக் கூப்பிடல" என்றாள்.

"அவளுக்கு அப்பன் என்னைக் கேட்டு அப்பன் ஆகல. அதுக்கு மேல சொல்ல மாட்டேன். அது என்னோடது. என் மக எழுதுனா, இன்னொருத்தி வாசிச்சா, அப்புறம் அவளே எழுந்து சொன்னா. எல்லாரும் என் உடம்பைப் பத்தியே பேசிட்டாங்க. ஒருத்தரும் அவனைப் பத்திப் பேசல. அவனுக்குப் பேர் இருக்கு."

அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து அவள் கையைப் பிடித்தேன். "அம்மா, வேண்டாம். ஆள் அனுப்புவான்" என்று காதில் சொன்னேன். "தெரியும், உக்காரு" என்று என் கையை எடுத்துவிட்டாள்.

சொன்னாள். அவன் முழுப் பெயர், பண்ணை, ஆற்றங்கரை, எல்லாம். தப்பாக எழுதிவிடக் கூடாது என்று பத்திரிகைக்காரன் பக்கம் திரும்பி இன்னொரு தடவை சொன்னாள். இன்னும் உயிரோடு இருக்கிறான் என்றாள். சபையில் மூப்பன், முதல் பெஞ்சில் உட்காருவான், பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஜெபம் சொல்லிக் கொடுப்பான். "பெத்த பிள்ளையை வித்தவன் பேர் இது. நல்லாக் கேட்டுக்குங்க" என்றாள். அந்த அறையில் அப்போது யாருக்கும் எதையும் ருசிக்க முடியவில்லை ஹல்டா. ஆண்கள் தரையைப் பார்த்தார்கள்.

பத்திரிகைக்காரன் வெளியே வந்து கெஞ்சினான். பெயரைப் போட்டால் வழக்குப் போடுவார்கள், பெயர் இருக்கும் இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்றான். "கோடு போடுறதா இருந்தா என்னைப் பத்தியும் போடாதே" என்றாள் அம்மா. பெயரோடே போட்டுவிட்டான். சனிக்கிழமை வந்தது.

இனி இங்கே இருக்க முடியாது. தெருவில் எங்கள் ஆட்கள் முறை வைத்துக் கடை வாசலில் நிற்கிறார்கள். நேற்று இரண்டு புது முகங்கள் வந்து, சூப்புக் கேட்காமல், டைனா என்பவள் எத்தனை மணிக்கு வருவாள் என்று விசாரித்தார்களாம். நாளைக் காலை கிளம்புகிறோம். வடக்கே, எல்லைக்கு அப்பால், அந்தச் சட்டம் எட்டாத நாட்டுக்கு. பள்ளிக்கூடத்தை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டேன். பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். போய்ச் சேர்ந்தால் துரூசில்லாவுக்குத் தெரியவரும்.

உன்னை மன்னித்தேனா என்று நீ கேட்கவில்லை, நல்லது. எனக்குத் தெரியவில்லை. உன்னைப் பற்றிக் கோபமாக நினைக்க ஆரம்பித்தால் பாதியில் என் முகம் வந்து நின்றுவிடுகிறது. பத்திரிகையின் ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது. உன் ஊரில் அதை என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. நீ என்ன செய்தாலும் அம்மாவின் வார்த்தையில் கூட்டாதே, குறைக்காதே.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று அம்மா சாப்பிட்டாள். நானும் இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன், பிறருக்கு ஊற்றிக் கொடுப்பாளே தவிர அவள் தட்டில் எப்போதும் பாதி மிச்சம் இருக்கும். அன்று இரண்டு கிண்ணம் சூப்பும் ஒரு முழு ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, கிண்ணத்தின் அடியை ரொட்டித் துண்டால் வழித்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்ன பாக்குற?" என்றாள். "முப்பது வருஷமா அவன் பேரை வாய்க்குள்ளயே வச்சிருந்தேன். எதைத் தின்னாலும் அது கூடவே வந்துச்சு. இப்பத் துப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் ஊத்து."

கெசியா